நள்ளிரவுக் குருதியில் நோயைத் தேடிய பற்றிக் மான்சன்

தென்னிலங்கையின் கரையோர நகரங்களிலும் கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளிலும் வாழ்ந்தோருக்கு ஒரு காட்சி நன்கு பரிச்சயமானது. இரவு ஒன்பது மணி கடந்து வீட்டார் படுக்கைக்கு ஆயத்தமாகும் வேளையில் சுகாதாரப் பகுதியினர் வந்து கதவைத் தட்டுவர். பெரியவர், சிறியவர் என்ற பேதமின்றி ஒவ்வொருவரின் விரல் நுனியிலும் ஊசியால் குத்தி, கசியும் குருதியைக் கண்ணாடித் துண்டொன்றில் தடவி, இலக்கமிட்டு எடுத்துச் செல்வர். தூக்கம் கலைந்த குழந்தை அழும். இவர்களுக்குப் பகலில் வரத் தெரியாதா என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பு நியாயமானதாகவே தோன்றும். ஆயினும் பகலில் வந்து எடுத்தால், அதே மனிதரின் அதே விரலிலிருந்து வரும் குருதியில் அவர்கள் தேடும் புழு அனேகமாக அகப்படாது. இந்த விசித்திரத்தை முதன்முதலில் கண்டறிந்தவர் சீனக் கரையோரத் துறைமுகம் ஒன்றில் சுங்கத் திணைக்கள வைத்தியராகப் பணியாற்றிய ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர். அவர் பெயர் பற்றிக் மான்சன்.

வெப்பமண்டல மருத்துவத்தின் தந்தை என்று மருத்துவ உலகம் மான்சனைக் கொண்டாடுகின்றது. மலேரியாவை நுளம்பு பரப்புகின்றது என்பதை நிறுவி நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ரொஸ்ஸின் வழிகாட்டி என்ற வகையிலேயே பலர் அவரை அறிவர். அது அவருடைய பெருமையில் ஒரு பாதியே. பிந்திய புகழுக்கெல்லாம் வித்திட்ட மறு பாதி, யானைக்கால் நோயாளரின் குருதியோடு அவர் கழித்த இரவுகளில் இருக்கின்றது. நமது நாட்டோடு நேரடியாகத் தொடர்புறுவதும் அந்தப் பாதியே.

யானைக்கால் நோய் மனிதகுலத்துக்குப் புதியதன்று. அரபு மருத்துவர்கள் இதனை தாஉல் பீல், அதாவது யானையின் நோய் என அழைத்தனர். திருக்குர்ஆனின் நூற்றைந்தாவது அத்தியாயத்தை ஓதுவோருக்கு அந்தப் பீல் என்ற சொல் அந்நியமானதல்ல. அர்ராஸியும் இப்னு சீனாவும் இந்நோயைப் பற்றி எழுதியுள்ளனர். கிரேக்கர்களோ யானையின் பெயரைத் தொழுநோய்க்குச் சூட்டியிருந்தனர். அரபு நூல்களை இலத்தீனில் பெயர்த்தோர் இவ்விரு வழக்குகளையும் போட்டுக் குழப்பிக்கொண்டதனால், வேறுபட்ட இரு நோய்கள் ஐரோப்பாவில் நீண்டகாலம் ஒரே பெயருக்குள் முடங்கிக் கிடந்தன. பெயரில் ஏற்பட்ட அந்தக் குழப்பத்தின் நிழல், வீங்கிய காலைக் கண்டதும் விலகி நடக்கும் மனப்பான்மையாக இன்றும் சில இடங்களில் நீடிக்கின்றதோ என எண்ணத் தோன்றுகின்றது.

மான்சன் 1844 ஆம் ஆண்டு ஒக்டோபர் 3 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பிரதேசத்திலுள்ள ஓல்ட்மெல்ட்ரம் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையார் வங்கிக் கிளையொன்றின் முகாமையாளர். பிள்ளைகள் பலர் இருந்த குடும்பம். சிறுவனாக இருந்தபோது பூனையொன்றைச் சுட்டு வீழ்த்தி, அதன் குடலை அறுத்துப் பார்த்து, உள்ளே கிடந்த நாடாப்புழுவை வெளியே எடுத்தாராம். பெரியோரின் வரலாறுகளில் இவ்வாறான முன்னறிகுறிக் கதைகள் எப்போதும் கிடைத்துவிடுகின்றன. இதையும் அந்த அளவிலேயே எடுத்துக்கொள்வோம்.

அவர் வைத்தியரானதே ஒரு விபத்தின் விளைவு எனலாம். 1859 இல் தாய்வழி உறவினரின் இரும்புத் தொழிற்சாலையில் பயிலுநராகச் சேர்ந்தார். கடும் உழைப்பைத் தாங்காத இளம் உடல் தளர்ந்தது. முதுகெலும்பு வளைந்து, கையொன்றும் பலவீனமுற்றதால் மாதக்கணக்கில் படுக்கையில் இருக்க நேர்ந்தது. இரும்பை விட்டு ஏட்டை எடுத்தார். 1860 இல் அபர்டீனில் மருத்துவம் பயிலத் தொடங்கி, பட்டம் பெறும் வயதை எட்டுவதற்கு முன்னரே தேர்வுகளை முடித்து, 1865 இல் பட்டம் பெற்றார். சிறிது காலம் டர்ஹம் நகரின் மனநோயாளர் விடுதியில் உதவி வைத்தியராக இருந்தார். அப்போது அவருடைய அண்ணன் ஷங்காய் நகரில் தொழில் பார்த்துவந்தார். அவருடைய தூண்டுதலால், 1866 இல் சீனப் பேரரசின் கடற் சுங்கத் திணைக்களத்தில் வைத்திய அதிகாரிப் பதவியொன்றைப் பெற்று, இன்று தாய்வான் என வழங்கும் போர்மோசாத் தீவுக்குக் கப்பலேறினார்.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பரிசோதிப்பதும் மாலுமிகளுக்குச் சிகிச்சையளிப்பதும் அவருடைய கடமை. எஞ்சிய நேரத்தில் மிஷன் வைத்தியசாலையில் சீன நோயாளரைப் பார்த்தார். 1871 இல் சீனப் பெருநிலத்தின் அமோய் துறைமுகத்துக்கு மாற்றலாகிச் சென்றார். இன்று சியாமென் என அழைக்கப்படும் அந்நகரில்தான் அவருடைய வாழ்வின் முக்கியமான பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன.

அமோயில் யானைக்கால் நோயாளர் தெருவெங்கும் காணப்பட்டனர். காலும் விதைப்பையும் தாங்கமுடியாத பாரமாக வீங்கி, நடக்கவும் தொழில் செய்யவும் இயலாது முடங்கியிருந்தோர் பலர். மேற்கத்திய வைத்தியரின் கத்தியைச் சீன மக்கள் பெரிதும் சந்தேகித்த காலம் அது. மூடிய கதவுக்குள் என்ன நடக்கிறதோ என்ற அச்சத்தைப் போக்க, மான்சன் தெருவைப் பார்த்தபடி திறந்திருக்கும் அறையில் நோயாளரைக் கவனித்தார். போவோர் வருவோர் நின்று பார்த்தனர். மெல்ல மெல்ல நம்பிக்கை பிறந்தது. சில ஆண்டுகளுக்குள் அவர் வெட்டியகற்றிய வீக்கத் தசைகளின் மொத்த நிறை ஒரு தொன்னைத் தாண்டியது என்பர். கைதேர்ந்த சத்திரசிகிச்சையாளர் என்ற பெயர் பரவியது. ஆனால் நோய் ஏன் வருகின்றது என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்கவில்லை. அமோயில் அதற்கான நூலகமோ, கலந்துரையாடக்கூடிய அறிஞர் குழாமோ இருக்கவில்லை.

1875 இல் விடுமுறையில் தாயகம் சென்றவர், ஓய்வுக்குரிய நாட்களைப் பிரித்தானிய நூதனசாலையின் வாசிப்பு அறையில் செலவிட்டார். அங்கேதான் கல்கத்தாவில் பணியாற்றிய டிமொதி லூயிஸ் என்ற இராணுவ வைத்தியரின் அறிக்கைகள் அவர் கண்ணிற்பட்டன. நூல்போன்ற நுண்ணிய புழுக் குடம்பிகளைப் பாரிஸில் ஒருவரும் பிறேசிலின் பாஹியாவில் வூக்கரர் என்பவரும் முன்னரே உடல் திரவங்களில் கண்டிருந்தனர். லூயிஸ் ஒருபடி மேலே சென்று, 1872 இல் அவற்றை மனிதக் குருதியிலேயே கண்டார். குருதியில் புழுவின் குஞ்சுகள் நீந்துகின்றன என்ற செய்தி அக்கால மருத்துவத்துக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கும். மான்சனுக்கோ அது தேடித் திரிந்த திறவுகோலாகப் பட்டது. அந்த விடுமுறையிலேயே ஹென்றியேற்றா தேர்பேர்ன் என்ற மங்கையைத் திருமணம் செய்துகொண்டு, புது மனைவியோடும் நுணுக்குக்காட்டி ஒன்றோடும் 1876 இல் அமோய் திரும்பினார். அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனில் ஜோசப் பான்குரொப்ட் இப்புழுவின் முதிர்ந்த வடிவத்தைக் கண்டுபிடித்தார். வூக்கரர், பான்குரொப்ட் ஆகிய இருவரின் பெயர்களும் இணைந்தே இன்று அப்புழுவுக்கு வூச்சரேரியா பான்குரொப்டி என்ற பெயர் வழங்குகின்றது.

விடயத்தை இங்கு சற்று விளக்கிவிடுதல் நலம். முதிர்ந்த புழு நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழ்கின்றது. பெண்புழு எட்டு முதல் பத்து சென்ரிமீற்றர் நீளமானது. அது இலட்சக்கணக்கில் ஈனும் குடம்பிகளே குருதியில் கலக்கின்றன. ஒரு குடம்பியின் நீளம் மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. தடிப்போ ஒரு செங்குருதிக் கலத்தின் அகலம்தான். நிணநீர்க் குழாய்கள் சிதைந்து அடைபடும்போது கால் வீங்குகின்றது.

மான்சன் முதலில் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி எளிமையானது. இத்தனை இலட்சம் குடம்பிகளும் அந்த மனிதனின் உடலிலேயே வளர்ந்து பெரிதானால் அவன் உயிர்வாழ முடியாது. ஆகவே அவை வெளியேறியாக வேண்டும். ஆனால் குருதிக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஒன்று தானாக வெளியேற வழியில்லை. அப்படியாயின் குருதியை உறிஞ்சும் ஏதோவொரு பிராணிதான் அதனை வெளியே கொண்டுசெல்ல வேண்டும். உண்ணி, அட்டை, தெள்ளு என ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, இந்நோய் உள்ள நாடுகளெங்கும் காணப்படும் நுளம்பின்மீது சந்தேகத்தை நிறுத்தினார்.

1877 இல் அதனைச் சோதித்தார். அவருடைய தோட்டக்காரரான ஹின் லோ என்ற சீனரின் குருதியில் குடம்பிகள் நிறைந்திருந்தன. வலையால் அமைந்த சிறு கூடாரம் போன்ற அறையில் ஹின் லோ இரவில் உறங்கினார். விளக்கேற்றிக் கதவைத் திறந்துவைத்து, நுளம்புகள் புகுந்ததும் மூடிவிட்டனர். காலையில் வயிறு புடைத்துச் சுவரில் ஒட்டியிருந்த நுளம்புகளைப் பிடித்து, நாளுக்குச் சிலவாக மான்சன் கீறிப் பார்த்தார். உறிஞ்சப்பட்ட குடம்பிகள் தம்மைப் போர்த்தியிருந்த மெல்லிய உறையைக் கழற்றிவிட்டு, நுளம்பின் வயிற்றைத் துளைத்து மார்புத் தசைக்குள் சென்று, அங்கே உருமாறி வளர்வதைக் கண்டார். மனிதரின் நோய்க்கிருமி ஒன்று பூச்சியின் உடலில் வளர்ச்சியடைகின்றது என்று உலகில் முதன்முதலாகக் காட்டப்பட்டது அங்கேதான். அவருடைய கட்டுரையை ஒட்டுண்ணியியல் அறிஞர் ஸ்பென்சர் கொபோல்ட் 1878 மார்ச்சில் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசித்தார்.

ஹின் லோ இதற்கு மனமுவந்து உடன்பட்டாரா, எசமானின் சொல்லைத் தட்டமுடியாமல் படுத்தாரா என்பதைச் சொல்லும் குரல் எதுவும் ஏட்டில் இல்லை. நோய் ஏற்கனவே அவரிடம் இருந்தமையால் அந்தப் பரிசோதனை அவருக்குப் புதிய தீங்கு எதையும் இழைக்கவில்லை என்பது உண்மை. ஆயினும், ஒரு விஞ்ஞானத்தின் தொடக்கம் ஓர் ஏழைத் தொழிலாளியின் உறக்கத்தில் நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அதனையடுத்து வந்ததே குருதிப் பரிசோதனை பற்றிய கண்டுபிடிப்பு. நூற்றுக்கணக்கானோரின் குருதியைப் பார்த்துக்கொண்டிருந்த மான்சனை ஒரு முரண்பாடு அலைக்கழித்தது. குடம்பிகள் மலிந்திருந்த மனிதரின் குருதியை இன்னொரு வேளை பார்த்தால் ஒன்றுகூட இல்லை. மறுபடி பார்த்தால் மீண்டும் நிறைந்திருக்கின்றன. வேறொருவராயின் பரிசோதனையே நம்பகமற்றது என்று கைகழுவியிருக்கக்கூடும். மான்சன் அப்படிச் செய்யவில்லை. நுணுக்குக்காட்டியைக் கையாளத் தாமே பயிற்றுவித்த சீன உதவியாளர் இருவரைப் பகல், இரவு என்று முறைவைத்துக் குருதி பார்க்கச் செய்திருந்தார். இரவு முறைக்காரரின் ஏட்டில் குடம்பிகள் ஏராளமாகவும் பகல் முறைக்காரரின் ஏட்டில் அரிதாகவும் இருந்தன. பிழை உதவியாளரிடத்தில் இல்லை, கடிகாரத்திலே இருக்கின்றது என்பது அவருக்குப் பொறிதட்டியது.

பின்னர் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை என்று நோயாளரின் விரலைக் குத்தி, வாரக்கணக்கில் தொடர்ச்சியாக எண்ணிக்கை எடுத்தனர். பொழுது சாயும்போது ஓரிரு குடம்பிகள் தலைகாட்டின. இரவு ஏற ஏறப் பெருகி, நள்ளிரவையொட்டி உச்சத்தைத் தொட்டன. விடியலில் குறைந்து, காலை எட்டு ஒன்பது மணிக்கெல்லாம் மறைந்தன. பகல் முழுவதும் தூய குருதி. மாலையானதும் மறுபடி அதே அணிவகுப்பு. அந்நோயைப் பரப்பும் நுளம்பு கடிப்பதும் இரவில்தான். தன்னைச் சுமந்துசெல்லும் வாகனம் வரும் நேரமறிந்து பயணி துறைக்கு வந்து நிற்பது போன்ற ஏற்பாடு அது.

1879 அளவில் இச்செய்தி வெளிவந்தபோது இலண்டன் மருத்துவ வட்டாரங்களில் நகைப்பும் எழுந்தது. புழுக்கள் சட்டைப்பைக் கடிகாரம் வைத்திருக்கின்றனவா என்று கேலி பேசினர். 1881 இல் இலண்டனில் ஸ்டீபன் மக்கென்சி என்ற வைத்தியர், இந்தியாவிலிருந்து வந்த நோயாளி ஒருவரைப் பகலில் உறங்கவும் இரவில் விழித்திருக்கவும் செய்து பார்த்தார். சில நாட்களில் குடம்பிகளும் தம் வேளையை மாற்றிக்கொண்டு பகலில் வெளிப்பட்டன. கேலி அடங்கியது. பகலில் அவை எங்கே ஒளிகின்றன என்ற கேள்விக்கு மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. காலைவேளையில் திடீரென மரணமடைந்த நோயாளி ஒருவரின் சடலத்தைப் பரிசோதித்த மான்சன், நுரையீரலின் குருதிக் குழாய்களில் அவை திரண்டிருக்கக் கண்டார்.

மான்சனின் பெருந்தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நுளம்பு ஒரே ஒரு முறை குருதி குடித்து, நீரில் முட்டையிட்டுச் சில நாட்களில் மாண்டுவிடும் என்றே அவர் நம்பினார். அவருடைய கூண்டில் நுளம்புகள் அப்படித்தான் மாண்டன. ஆதலால் புழு இறந்த நுளம்பிலிருந்து நீருக்குள் வெளியேறி, அந்நீரைப் பருகும் மனிதனுக்குத் தொற்றுகின்றது என்று முடிவு கட்டினார். பாதி வழி வரை கண்ணால் கண்டு நடந்தவர், மீதி வழியை ஊகத்தால் கடந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த ஊகம் செல்வாக்கோடு நிலைத்தது. 1900 இல், அவுஸ்திரேலியாவிலிருந்து தோமஸ் பான்குரொப்ட் அனுப்பிவைத்த நுளம்புகளை மெல்லிய சீவல்களாக வெட்டி ஆராய்ந்த ஜோர்ஜ் கார்மைக்கல் லோ, புழு நுளம்பின் ஊசிவாய்க்குள் வந்து நிற்பதைக் காட்டினார். தொற்று வருவது குடிநீரால் அன்று, கடியால் என்பது தெளிவாயிற்று. தவறைத் திருத்திய லோ வேறு யாருமல்லர், மான்சனிடம் பயின்ற மாணவரே.

1883 இல் மான்சன் ஹொங்கொங் சென்றார். தொழில் செழித்தது. நோயாளருக்கு நல்ல பால் கிடைக்கவேண்டுமென்று பாற்பண்ணை நிறுவனம் ஒன்றைத் தொடங்குவதில் முன்னின்றார். 1887 இல் சீன மாணவருக்கான மருத்துவக் கல்லூரி அங்கு உருவானபோது அதன் முதல் பீடாதிபதியானார். அக்கல்லூரியிலிருந்து 1892 இல் வெளியேறிய மாணவர்களுள் ஒருவரே பின்னாளில் சீனக் குடியரசின் தந்தையென மதிக்கப்பட்ட சன் யாட் சென். 1896 இல் இலண்டனிலிருந்த சீனத் தூதரகம் சன் யாட் சென்னைப் பிடித்து அடைத்துவைத்தபோது, அவரை மீட்க ஓடியாடி உழைத்தவர் ஜேம்ஸ் கான்ட்லி. உறுதுணையாக நின்றவர் மான்சன்.

போதிய செல்வம் சேர்த்துக்கொண்டு 1889 இல் ஓய்வை நாடி ஸ்கொட்லாந்து திரும்பியவரைச் சீன வெள்ளி நாணயத்தின் மதிப்பு வீழ்ச்சி கைவிட்டது. மூட்டுவாதத்தோடு மறுபடி உழைக்க வேண்டியவராகி, 1890 இல் இலண்டனில் தொழில் தொடங்கினார். 1892 இல் கடலோடிகள் வைத்தியசாலையில் பதவி கிடைத்தது. உலகின் மூலைமுடுக்கெல்லாம் சென்றுவந்த மாலுமிகளின் குருதி தேம்ஸ் நதிக்கரையிலேயே அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

1891 இல் அவர் வெளியிட்ட அவதானங்கள் குருதிப் பரிசோதனையை இன்னும் நுட்பமாக்கின. ஆபிரிக்காவிலிருந்து வந்தோரின் குருதியில் வேறுவகைக் குடம்பிகளைக் கண்டார். அவற்றுள் ஒருவகை பகலில் மட்டும் வந்து இரவில் மறைந்தது. கண்ணில் ஊர்ந்து செல்லும் லோவா என்ற புழுவின் குடம்பி அது. அதனைப் பரப்பும் ஈ பகலில் கடிப்பது. இன்னொரு வகை இரவென்றும் பகலென்றும் பாராது எந்நேரமும் இருந்தது. ஆகவே குருதி எந்த மணிக்கு எடுக்கப்பட்டது என்ற குறிப்பே நோய் எதுவெனக் காட்டும் ஒரு தடயமாயிற்று. மணி குறிக்காத கண்ணாடித் துண்டு பாதி சாட்சி மட்டுமே.

இப்பரிசோதனை வெளிப்படுத்திய இன்னோர் உண்மையும் உண்டு. கால் யானைக்காலாக வீங்கிவிட்ட நோயாளரில் பெரும்பாலானோரின் குருதியில் குடம்பிகள் இருப்பதில்லை. நள்ளிரவில் எடுத்தாலும் இருப்பதில்லை. மாறாக, எவ்வித வீக்கமோ வேதனையோ இன்றி ஆரோக்கியமாக நடமாடும் ஒருவரின் குருதியில் அவை நிறைந்திருக்கலாம். நோயைப் பரப்பும் நுளம்புக்குக் குடம்பியை வழங்குபவர் பெரும்பாலும் பின்னவரே. வீங்கிய காலோடு திண்ணையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியைக் கண்டு பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளும் அயலார், தம் வீட்டு இளைஞனின் விரலைக் குத்த மட்டும் மறுப்பது எவ்வளவு பெரிய பேதைமை என்பதை இந்த உண்மை உணர்த்தும். சம்பந்தம் பேசும்போது மணமகளின் பாட்டிக்குக் கால் வீக்கம் இருந்ததா என்று விசாரித்து ஒதுக்கிய குடும்பங்களும் உண்டு. இது பரம்பரை நோயே அன்று.

1894 இல் இந்திய இராணுவ மருத்துவ சேவையைச் சேர்ந்த ரொனால்ட் ரொஸ் விடுமுறையில் இலண்டன் வந்தபோது, மலேரியா ஒட்டுண்ணியைக் குருதியில் அவருக்குக் காட்டித் தந்தவர் மான்சன். யானைக்கால் புழுவில் தாம் கண்டதை மலேரியாவுக்கும் பொருத்தி, நுளம்பே காவி என்ற கருதுகோளை அவ்வாண்டிலேயே வெளியிட்டார். பின்னர் இருவருக்கும் இடையே இடையறாத கடிதப் போக்குவரத்து. மான்சனின் குடிநீர்த் தவறும் அந்தக் கடிதங்களோடு இந்தியாவுக்குப் பயணமாகி, நுளம்பு மாண்ட நீரைச் சிலருக்குப் பருகக் கொடுக்கும் வீண் முயற்சிக்கு ரொஸ்ஸை இட்டுச்சென்றது. 1897 ஓகஸ்டில் செகந்திராபாத்திலும் மறு ஆண்டில் கல்கத்தாவிலும் ரொஸ் வெற்றி கண்டார். 1898 ஜூலையில் எடின்பரோ மாநாட்டில் அச்செய்தியை உலகுக்கு அறிவித்தவர் மான்சனே. பரிசு 1902 இல் ரொஸ்ஸுக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் இருவருக்கும் இடையே மனக்கசப்பு மூண்டு, விடயம் சட்டத்தரணிகள் வரை சென்றது ஒரு சோகம்.

1900 இல் உரோமிலிருந்து தருவிக்கப்பட்ட தொற்றுடைய நுளம்புகளைத் தம் மகனின் உடலிலேயே கடிக்கவிட்டு, இலண்டன் நகரில் மலேரியா காய்ச்சலை வரவழைத்துக் காட்டினார் மான்சன். மகன் மருத்துவ மாணவர். குயினைன் கொடுத்துக் குணமாக்கப்பட்டார். அமோயில் தோட்டக்காரரைப் படுக்கவைத்தவர், இலண்டனில் சொந்த மகனை முன்னிறுத்தினார் என்பது அவர்மீதான நம் தீர்ப்பைச் சற்று இளக்குகின்றது. அந்த மகன் 1902 இல் கிறிஸ்மஸ் தீவில் துப்பாக்கி விபத்தொன்றில் மாண்டது தந்தைக்கு ஆறாத துயரமாயிற்று.

1897 முதல் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் மருத்துவ ஆலோசகராக இருந்தவரின் முயற்சியால், 1899 ஒக்டோபரில் இலண்டன் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. குடியேற்ற நாடுகளை ஆளச் சென்ற ஆங்கிலேய அதிகாரிகளின் உயிரைக் காப்பதே அதற்கான அரச ஆதரவின் முதல் நோக்கம். ஆளப்பட்ட மக்களின் நலன் அதற்கு அடுத்ததே. எனினும் அங்கு வளர்ந்த அறிவு அதிகாரிகளின் பங்களாக்களோடு நின்றுவிடவில்லை. அங்கு பயின்ற அல்டோ கஸ்டெலானி 1903 இல் கொழும்புக்கு வந்து, 1905 இல் பறங்கிப்புண்ணின் கிருமியை இங்கிருந்தே கண்டறிந்தார். 1898 இல் மான்சன் எழுதிய வெப்பமண்டல நோய்கள் பற்றிய கைந்நூல் அவருக்குப் பின்னரும் பதிப்புக்குமேல் பதிப்பாக வெளிவந்து, அவர் பெயரையே தலைப்பில் தாங்கி நிற்கின்றது.

1903 இல் சேர் பட்டம் பெற்று, 1912 இல் ஓய்வுபெற்று, அயர்லாந்தின் ஏரிக்கரையில் மீன்பிடிப்பதில் பொழுதைக் கழித்தார். 1922 ஏப்ரல் 9 ஆம் திகதி, எழுபத்தேழாவது வயதில் இலண்டனில் காலமாகி, அபர்டீன் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்து கால் நூற்றாண்டின் பின்னர், 1947 இல் இலங்கையில் யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. நகர்ப்புறத்தில் பான்குரொப்டி புழுவும், கிராமப்புறத்தில் புரூஜியா மலாயி என்ற இன்னொரு புழுவும் அந்நாளில் மக்களை வாட்டின. கிராமத்துப் புழுவைச் சுமந்த நுளம்பு இனத்துக்கு மான்சோனியா என்று பெயர். மான்சனைக் கௌரவிக்கும் முகமாக 1901 இல் சூட்டப்பட்ட பெயர் அது. பிஸ்டியா என்ற நீர்த்தாவரத்தின் வேரில் ஒட்டி வாழும் அந்நுளம்பின் குடம்பியை, தாவரத்தையே அகற்றி ஒழித்ததனால் 1960 களின் இறுதியில் கிராமத்துப் புழு மறைந்தது. நகரத்துப் புழு மேற்கு, தெற்கு, வடமேல் மாகாணங்களில் நீடித்தது. 2002 முதல் 2006 வரை கொழும்பு, கம்பஹா, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, குருநாகல், புத்தளம் ஆகிய எட்டு மாவட்டங்களில் ஆண்டுதோறும் மக்கள் அனைவருக்கும் மாத்திரை வழங்கப்பட்டது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோய் இலங்கையில் நீங்கிவிட்டதென உறுதிப்படுத்தியது.

குருதிப் பரிசோதனையும் மாறிவிட்டது. முதிர்ந்த பான்குரொப்டி புழு குருதியில் வெளிவிடும் புரதப் பொருளை ஒரு சிறு காகிதக் கீற்று பத்து நிமிடத்தில் காட்டிவிடுகின்றது. அதற்குப் பகற்குருதியே போதும். உறங்கும் குழந்தையை எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கீற்றுக்குப் புரூஜியா மலாயி தெரியாது. ஒழிந்துவிட்டதெனக் கருதப்பட்ட அப்புழு அண்மைய ஆண்டுகளில் இலங்கையில் மீண்டும் ஆங்காங்கே தென்பட்டுள்ளது. நாய், பூனைகளின் குருதியிலும் அவ்வினப் புழுக்கள் காணப்பட்டுள்ளன. அதனைக் குருதியில் நேரடியாகக் காண வேண்டுமாயின் இரவில் விரலைக் குத்தி, கண்ணாடித் துண்டில் தடவி, நுணுக்குக்காட்டியின் கீழ் எண்ணும் பழைய வழியே இன்றும் கைகொடுக்கின்றது. ஆகவே இரவு ஒன்பது மணிக்குப் பின்னர் கதவைத் தட்டும் அந்தக் கை இன்னும் ஓய்வுபெறவில்லை.